பழைய இயங்குதளத்தைப் புரோகிராம்கள் கைவிடும்போது: படிப்படியாக என்ன செய்ய வேண்டும்?

"இந்த இயங்குதளத்தில் இனி அப்டேட் கிடைக்காது" என்று உலாவியின் மேல்பக்கம் ஒரு பட்டை வந்து நிற்கும். பலரும் அதை மூடிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். சில மாதங்களுக்கு எதுவும் ஆகாது. பிறகு ஒருநாள் வங்கித் தளம் திறக்காது, பிரின்டரின் புதிய டிரைவர் ஏறாது, அவசரமாகத் தேவைப்படும் புரோகிராம் "உங்கள் விண்டோஸ் பழையது" என்று நின்றுவிடும். அந்த நாள் வருவதற்குள் செய்துமுடிக்க வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறோம். வரிசை முக்கியம், மாற்ற வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆதரவு ஒரே நாளில் நிற்பதில்லை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பொதுவான ஆதரவை 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. ஆனால் குரோம் அதற்குப் பிறகும் மூன்று ஆண்டு ஓடியது. 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பே விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் கடைசி. ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளம் 2024 ஜனவரி 1 அன்று விலகியது. லிப்ரே ஆஃபீஸ் என்ற அலுவலகத் தொகுப்பு 2025-இல், 25.8 பதிப்போடு விலகியது. ஆக, இயங்குதளத்துக்கு ஒரு தேதி, ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனித் தேதி. விண்டோஸ் 10-க்கான தேதி 2025 அக்டோபர் 14. அதன் புரோகிராம்களும் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் வேண்டுமென்றே கைவிடுகிறார்கள் என்று நினைப்பது பெரும்பாலும் தவறு. ஒரு புரோகிராம் பல கருவிகளின் மேல் கட்டப்படுகிறது, அந்தக் கருவிகள் முதலில் விலகுகின்றன. கோ என்ற நிரல்மொழியின் 1.20 பதிப்புதான் விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு. பைத்தான் மொழிக்கு 3.8. ரஸ்ட் மொழியில் 1.78 முதல் விண்டோஸ் 10 கட்டாயம். புரோகிராமின் திரையை அமைக்கும் கருவியான க்யூட்டி 6-க்கும் அப்படியே. குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல் அமைந்த, செயலிகள் கட்டும் கருவியான எலக்ட்ரான், 23-ஆம் பதிப்பில் விண்டோஸ் 7, 8, 8.1-ஐ விட்டது. அதை நம்பியிருந்த அரட்டைச் செயலிகளும் குறிப்பேட்டுச் செயலிகளும் வேறு வழியின்றிப் பின்தொடர்ந்தன. ஆகவே "எனக்குப் பிடித்த புரோகிராம் சின்னது, அது என்னைக் கைவிடாது" என்று எண்ணி இருந்துவிடாதீர்கள்.

படி 1: உங்களிடம் இருப்பது என்ன?

விண்டோஸ் 10-இல் செட்டிங்ஸ் → சிஸ்டம் → அபவுட். விண்டோஸ் 7-இல் ஸ்டார்ட் மெனுவில் கம்ப்யூட்டர் மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ். மேக்கில் ஆப்பிள் மெனு → அபவுட் திஸ் மேக். இயங்குதளத்தின் பெயர், பதிப்பு எண், ப்ராசஸரின் முழுப்பெயர், ரேம் அளவு ஆகியவற்றைத் தாளில் எழுதுங்கள். விண்டோஸில் சிஸ்டம் டைப் என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள். "64 பிட் ப்ராசஸர், 32 பிட் இயங்குதளம்" என்று அங்கே இருந்தால் அது நல்ல செய்தி: வன்பொருள் 64 பிட் இயங்குதளத்தைத் தாங்கும், உள்ளே போட்டிருப்பதுதான் பழையது.

விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு 22எச்2. உங்களுடையது அதற்கு முந்தையது என்றால், முதலில் விண்டோஸ் அப்டேட் வழியாக அதற்கு வந்துவிடுங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். கணினியை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய ஆண்டுக்குப் போனால், எல்லாப் பாதுகாப்பான தளங்களும் சான்றிதழ் பிழை காட்டும். இதை ஆதரவு நின்றதன் விளைவு என்று தவறாக எண்ணி இயங்குதளத்தையே மாற்றுபவர்கள் உண்டு. காரணம் மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032. மின்இணைப்பைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சாட்டா மோடு, அதாவது வட்டு இணையும் முறை, ஏஎச்சிஐ-யா, ரெய்டா, ஐடிஈ-யா என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி எடுத்ததும் அந்த அமைப்பு மாறிவிட்டால் விண்டோஸ் தொடங்காது.

படி 2: பேக்கப்

இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். வட்டில் பயன்படுத்தியிருக்கும் அளவைவிடப் பெரிய வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வேண்டும். அது ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு எதுவும் ஏறாது. பெரிய வீடியோக்களும் மின்னஞ்சல் கோப்புகளும் பாதியில் நின்றுவிடும். காலி டிஸ்க்காக இருக்கும்போதே எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு ஃபார்மேட் செய்யுங்கள். அந்த வடிவத்தை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் படிக்கும்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களை எல்லோரும் எடுத்துவிடுகிறார்கள். விட்டுப்போவது வேறு. தண்டர்பேர்டு அஞ்சல் புரோகிராம் வைத்திருப்பவர்களின் அஞ்சல் எல்லாம் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில், ரோமிங் என்பதற்குள் இருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்தால்தான் கண்ணில் படும். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் அந்த விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை. ஃபோல்டரை நகலெடுத்து வேறு கணினியில் வைத்தால் திறக்காது. உலாவியின் கடவுச்சொல் பகுதியில் எக்ஸ்போர்ட் கொடுத்துக் கோப்பாக எடுங்கள். அந்தக் கோப்பில் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும் என்பதால், புதிய இடத்தில் ஏற்றிய உடனே அழித்துவிடுங்கள். புக்மார்க்குகளையும் தனியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

பணம் கொடுத்து வாங்கிய புரோகிராம்களின் லைசென்ஸ் எண்களை எழுதிவையுங்கள். ஒரு கணினிக்கு மட்டும் அனுமதி தரும் புரோகிராம் என்றால், பழைய கணினியில் டீஆக்டிவேட் செய்த பிறகே வட்டை அழிக்க வேண்டும்.

எல்லாம் ஏறியதும் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, பத்துப் பன்னிரண்டு கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

படி 3: புரோகிராம் பட்டியலும் கடைசிப் பதிப்பும்

கன்ட்ரோல் பேனலில் ப்ரோக்ராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ் திறங்கள். உண்மையில் பயன்படுத்துகிறவற்றை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலானோருக்குப் பத்தைத் தாண்டாது. ஒவ்வொன்றுக்கும் அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் சிஸ்டம் ரெக்வயர்மென்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் இயங்குதளம் பட்டியலில் இல்லையென்றால், பழைய பதிப்புகள் என்ற பகுதியில் உங்களுக்கான கடைசிப் பதிப்பைத் தேடுங்கள்.

இங்கே பலர் சறுக்குவது இன்ஸ்டாலர் விஷயத்தில். ஓரிரு எம்பி அளவுள்ள சிறிய இன்ஸ்டாலரைச் சேமித்துவைப்பதில் பயனில்லை. அது வெறும் வாயில்காப்போன். ஓட்டியதும் இணையத்துக்குப் போய் இன்றைய பதிப்பை இறக்கும், அந்தப் பதிப்போ உங்கள் இயங்குதளத்தை ஏற்காது. ஆஃப்லைன் அல்லது ஸ்டாண்ட்அலோன் என்று குறிக்கப்பட்ட முழு இன்ஸ்டாலரையே எடுத்து, பேக்கப் டிஸ்க்கில் பதிப்பு எண்ணோடு பெயரிட்டு வையுங்கள். பிறகு அதன் மீது வலது கிளிக் → ப்ராப்பர்ட்டீஸ் → டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் பார்த்து, தயாரிப்பாளரின் பெயர் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

விண்டோஸ் 7-இல் அந்தக் கையொப்பமே செல்லாது என்று பிழை வந்தால், எஸ்எச்ஏ-2 என்ற புதிய கையொப்ப முறைக்கான ஆதரவைத் தரும் 2019-ஆம் ஆண்டு அப்டேட் விடுபட்டிருக்கலாம். அதன் எண் கேபி4474419. மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்தில் தேடி எடுக்கலாம்.

இனி, புதிய பதிப்பைப் பழைய இயங்குதளத்தில் ஓட்டிப் பார்க்கும்போது "கெர்னல்32-இல் என்ட்ரி பாயின்ட் இல்லை" என்பது போன்ற பிழை வரும். புரோகிராம் அழைக்கும் ஒரு வசதி உங்கள் விண்டோஸில் பிறக்கவே இல்லை என்று பொருள். டிஎல்எல் கோப்புகளை (புரோகிராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்புகள்) தனியே விநியோகிக்கும் தளங்களிலிருந்து அதை இறக்கிப் போட்டால் சரியாகும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சரியாகாது, கூடவே வைரஸ் வர வழியுண்டு. "செல்லுபடியாகும் வின்32 புரோகிராம் அல்ல" என்ற பிழை பெரும்பாலும் 64 பிட் புரோகிராமை 32 பிட் இயங்குதளத்தில் ஓட்டியதால் வருவது, அல்லது பாதியில் நின்ற டவுன்லோட்.

படி 4: உலாவி

மற்ற புரோகிராம்கள் பழையதாக இருக்கலாம். உலாவி மட்டும் கூடாது. முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நிரலை நாள் முழுவதும் உங்கள் கணினியில் ஓட்டுவது அதுதான். விண்டோஸ் 7, 8, 8.1, மேக்ஓஎஸ் 10.12 முதல் 10.14 வரை உள்ளவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) வரிசையே கடைசி. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மொசில்லா பலமுறை நீட்டித்திருக்கிறது. இப்போதைய முடிவுத் தேதியை அவர்களின் ஆதரவுப் பக்கத்தில் பாருங்கள். குரோம் 109-இல் நின்றுபோனவர்கள் இதற்கு மாறிவிடுவது நல்லது. இதுவும் நிற்கும் நாளில் அந்தக் கணினியில் வங்கி, மின்னஞ்சல் இரண்டையும் நிறுத்திவிடுங்கள்.

படி 5: எந்த வழி?

நான்கு வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதைப் படி 1-இல் எழுதிய தாள் சொல்லும்.

விண்டோஸ் 11: 4 ஜிபி ரேம், 64 ஜிபி வட்டு, யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு) வேண்டும். இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை முதல்தான். டிபிஎம் இல்லை என்று காட்டினாலும் உடனே நம்பிவிடாதீர்கள். பல கணினிகளில் அது பயாஸில் அணைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் தேடுங்கள். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் இதைத் தொடுவதற்கு முன் ரெக்கவரி கீயை எழுதிவைக்காவிட்டால், உங்கள் வட்டே உங்களுக்குத் திறக்காது. தகுதியில்லாத கணினியில் தடையைச் சுற்றிப்போய் ஏற்றும் முறைகள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. தொடக்கநிலையினருக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்: விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்களுக்கு இது 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸ் → அப்டேட் அண்ட் செக்யூரிட்டி → விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். இது அவகாசம் மட்டுமே.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்: ப்ராசஸர் 64 பிட், ரேம் 4 ஜிபி என்றால் லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஈ (இலேசான டெஸ்க்டாப்) பதிப்பு நன்றாக ஓடும். 2029 வரை ஆதரவு உண்டு. 20 ஜிபி இடம் குறைந்தபட்சம், 100 ஜிபி இருந்தால் தாராளம். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வேகத்தில் வரும் மாற்றம் வேறு எதிலும் வராது.

லினக்ஸை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை அதிகாரப்பூர்வத் தளத்தில் இறக்கி, அங்கே தந்திருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணோடு (கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எண்) ஒப்பிடுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழியும். ஐஎஸ்ஓ கோப்பை அதில் ரூஃபஸ் புரோகிராமால் எழுதுங்கள். விண்டோஸ் 7-இல் ரூஃபஸ் 4 ஓடாது, 3.22 பதிப்பை எடுக்க வேண்டும். கணினியை மறுபடி தொடங்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளில் உங்கள் கணினிக்குரியதை அழுத்தி பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உடனே இன்ஸ்டால் கொடுக்காதீர்கள். பென்டிரைவிலிருந்தே அரைமணி நேரம் ஓட்டி, வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர், மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சில பிராட்காம் வைஃபை சில்லுகள் டிரைவர் போடும்வரை வேலை செய்யாது. அப்போது கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங் வழியாக இணையம் பெற்று, டிரைவர் மேனேஜரில் டிரைவரை இறக்கலாம். இன்ஸ்டால் செய்யும்போது வரும் "வட்டை அழி" என்ற தேர்வு விண்டோஸ் உட்பட முழு வட்டையும் அழிக்கும். விண்டோஸும் லினக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமானால், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், பிட்லாக்கர் இரண்டையும் முன்பே நிறுத்துங்கள்.

தனிமைப்படுத்தல்: பழைய ஸ்கேனருக்கோ ஒரு இயந்திரத்துக்கோ அந்த விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும் என்றால், அதை இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள். நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள், டிவைஸ் மேனேஜரில் வைஃபையை டிசேபிள் செய்யுங்கள். கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோய், வைரஸ் ஸ்கேனர் உள்ள கணினியில் சோதித்த பிறகே திறங்கள். "நான் எந்த லிங்க்கையும் கிளிக் செய்ய மாட்டேன், எனக்கென்ன" என்ற எண்ணம் இங்கே உதவாது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ், எஸ்எம்பி1 என்ற கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் தொடாமலே கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. மூன்று ஆண்டுக்கு முன்பே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது விதிவிலக்காகத் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

மேக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019-இல் வந்த கட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு 32 பிட் புரோகிராம்களை அடியோடு நிறுத்தியது. அதற்கு முந்தைய மொஹாவியிலிருந்து மேலே போகும் முன், சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் லெகசி சாஃப்ட்வேர் பட்டியலைப் பார்த்து, அதில் தேவையானது எதுவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

எந்த வழியில் போனாலும், புதிய அமைப்பில் வழக்கமான வேலைகள் எல்லாவற்றையும் ஒரு மாதம் செய்து பார்க்கும்வரை பேக்கப் டிஸ்க்கை அழிக்காதீர்கள். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் கோப்பு ஒன்று விடுபட்டிருந்தால், அது தெரியவர அவ்வளவு நாள் ஆகும்.