ஆட்வேர்: தேடிப் பிடித்து வேரோடு எடுப்பது எப்படி?

நீங்கள் கேட்காத விளம்பரங்களைக் கம்ப்யூட்டரில் காட்டும் மென்பொருள்தான் ஆட்வேர். அந்த விளம்பரம் எங்கே வருகிறது என்று முதலில் கவனியுங்கள். எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

டெஸ்க்டாப்பின் வலது கீழ் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ் உள்ளது" என்று ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறதா? பெரும்பாலும் அது ஆட்வேரே இல்லை. ஏதோ ஒரு தளத்துக்கு எப்போதோ கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. ஒரே ஒரு பிரவுசரில் மட்டும் தேடுபொறியோ முகப்புப் பக்கமோ மாறியிருந்தால் எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரலை, சந்தேகப்படலாம். எல்லா பிரவுசரிலும் அதே தொல்லை என்றால் விண்டோஸுக்குள் ஒரு புரோகிராம் குடியிருக்கிறது, அல்லது பிராக்ஸியோ (இணையப் போக்குவரத்தை இடையில் வாங்கி அனுப்பும் வழி) டிஎன்எஸ்ஸோ (தளப் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்றப்பட்டிருக்கிறது. அதே வைஃபையில் உள்ள போனிலும் அதே விளம்பரம் வந்தால் கம்ப்யூட்டரைக் குடைய வேண்டாம், ரவுட்டரைப் பாருங்கள்.

ஸ்டார்ட் மெனுவிலும் லாக் ஸ்கிரீனிலும் விண்டோஸே காட்டும் பரிந்துரைகள் தனி ரகம். செட்டிங்ஸில் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அடியில் உள்ள 'அடிஷனல் செட்டிங்ஸ்' டிக்குகளை எடுத்தால் அவற்றில் பல அடங்கிவிடும். எந்த ஸ்கேனரும் இவற்றைப் பிடிக்காது.

ஆன்டிவைரஸ் இருந்தும் ஆட்வேர் எப்படி நுழைகிறது? வேறொரு இலவச மென்பொருளை நிறுவும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டியதில் இதற்கும் சம்மதம் கொடுத்திருப்போம். கேட்டுவிட்டுத்தான் வந்தேன் என்று அது சொல்லிக்கொள்ளலாம். அதனால்தான் பாதுகாப்பு நிறுவனங்கள் இதை வைரஸ் என்று சொல்லாமல் 'பொடென்ஷியலி அன்வான்டட் புரோகிராம்', சுருக்கமாகப் பப் என்று தனியாக வகைப்படுத்தின. பல ஸ்கேனர்களில் இந்த வகையைப் பிடிப்பதற்குத் தனி சுவிட்ச் இருக்கும். அது அணைந்திருந்தால் ஸ்கேன் 'எல்லாம் நலம்' என்றே சொல்லும்.

நோட்டிஃபிகேஷன் தொல்லை

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'பிளாக்' கொடுங்கள். 'ரிமூவ்' கொடுத்தால் அந்தத் தளம் அடுத்த முறை மறுபடியும் கேட்கும். பிளாக் செய்தால் கேட்காது. எட்ஜில் மெனு அடிக்கடி இடம் மாறுவதால் செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் நோட்டிஃபிகேஷன் என்று தட்டுவது சுலபம். ஃபயர்ஃபாக்ஸில் பிரைவசி பகுதியின் பெர்மிஷன்ஸுக்குள் இருக்கிறது. புதிய கோரிக்கைகளை மொத்தமாக மறுக்கும் டிக்கும் அங்கேயே உண்டு.

"நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க 'அலவ்' அழுத்தவும்" என்று கேட்கும் பக்கங்கள்தான் இந்த அனுமதியைப் பறிக்கின்றன. ரோபோ சோதனைக்கும் நோட்டிஃபிகேஷனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

திரை முழுவதையும் அடைத்து, சைரன் ஒலியுடன் ஒரு போன் நம்பரைக் காட்டும் பக்கமும் வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் கீயைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், அல்லது எஃப்11 தட்டுங்கள். அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை முடித்துவிடுங்கள். மீண்டும் திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நம்பருக்கு மட்டும் அழைக்காதீர்கள்.

முதலில் புரோகிராம், பிறகு எக்ஸ்டென்ஷன்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எக்ஸ்டென்ஷனை நீக்கி நிம்மதியடைந்த அடுத்த நாள் அது திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். அதை நட்டு வைக்கும் புரோகிராம் விண்டோஸில் உயிரோடு இருப்பதுதான் காரணம். இன்னொரு காரணம் பிரவுசரின் சிங்க். எக்ஸ்டென்ஷனும் முகப்புப் பக்கமும் உங்கள் கணக்கில் சேமிக்கப்பட்டு, சுத்தம் செய்த பிரவுசரிலும் வந்து இறங்கிவிடும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் சிங்கை அணைத்து வையுங்கள். ஏதாவது கெட்டால் விண்டோஸை இப்போதைய நிலைக்குத் திருப்ப உதவும் ரிஸ்டோர் பாயின்ட் ஒன்றைப் போட்டுக்கொள்வதும் நல்லது.

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் திறந்து பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றைப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு பெயர்கள் கூட்டமாக இருந்தால் அதுதான் கைகாட்டி: ஒன்று நீங்கள் விரும்பி நிறுவியது, மற்றவை அதன் முதுகில் ஏறி வந்தவை. 'டிரைவர் அப்டேட்டர்', 'பிசி ஆப்டிமைசர்', 'கூப்பன்', 'சர்ச்', 'வெப் கம்பேனியன்' மாதிரியான பெயர்களை இருமுறை பாருங்கள். பெயர் புரியவில்லை என்பதற்காக மட்டும் எதையும் நீக்க வேண்டாம். சவுண்ட், கிராஃபிக்ஸ் டிரைவர்களும் 'விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' போன்றவையும் தேவையானவை.

நீக்கும்போதும் தந்திரம் இருக்கும். பெரிய பச்சைப் பொத்தானில் 'வைத்துக்கொள்' என்றும், மங்கலான எழுத்தில் 'நீக்கு' என்றும் இருக்கலாம். வரி வரியாகப் படித்து அழுத்துங்கள். 'புரோகிராம் இயங்கிக்கொண்டிருக்கிறது' என்று மறுத்தால் டாஸ்க் மேனேஜரில் அதை முடித்துவிட்டு மறுபடி முயலுங்கள். உடனே சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் விண்டோஸ் நிலை) ஓடினால் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் அங்கே வழக்கமாக இயங்காது, அதனால் சில புரோகிராம்களை நீக்கவே முடியாது. சேஃப் மோடு தேவைப்பட்டால் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய் 4 அழுத்துங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட கம்ப்யூட்டர் அதன் ரிகவரி கீயைக் கேட்கக்கூடும். கையில் இல்லாமல் இறங்க வேண்டாம்.

இதற்குப் பிறகு ஒவ்வொரு பிரவுசரிலும் எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து, தெரியாததையும் தேவையில்லாததையும் நீக்குங்கள். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் குற்றவாளி சிக்கும்.

நீக்கும் பொத்தானே இல்லையென்றால்

சில எக்ஸ்டென்ஷன்களுக்கு 'ரிமூவ்' இருக்காது. குரோமின் மெனுவில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்ற வரியும் தெரியும். அது அலுவலகக் கம்ப்யூட்டர் என்றால் அது இயல்பு, கை வைக்காதீர்கள். சில ஆன்டிவைரஸ்களும் இப்படி ஒரு பாலிசி (பிரவுசர் மீற முடியாத கட்டாய விதி) எழுதி வைப்பதால், அந்த வரி மட்டுமே குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. ஆனால் சொந்தக் கம்ப்யூட்டரில், நீங்கள் நிறுவாத எக்ஸ்டென்ஷன் ஒன்று பூட்டுப் போட்டதுபோல் நின்றால் ஆட்வேர் பாலிசி எழுதியிருக்கிறது என்றே கொள்ளலாம்.

எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோடை இயக்கினால் ஒவ்வொன்றின் கீழும் 32 எழுத்து அடையாளக் குறி தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் கருவியான 'ரெஜிஸ்ட்ரி எடிட்டரை' ஸ்டார்ட்டில் தேடித் திறந்து, 'லோக்கல் மெஷின்' கிளையில் சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்று இறங்குங்கள். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்ற கீயில் அதே 32 எழுத்து இருந்தால் பூட்டு அதுதான். அழிக்கும் முன் அந்தக் கீயின் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் எடுத்துவிடுங்கள். பிறகு அந்த மதிப்பை மட்டும் அழித்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். 'கரன்ட் யூசர்' கிளையிலும் இதே பாதையைப் பார்க்க வேண்டும். எட்ஜுக்குப் பாலிசிஸின் கீழ் மைக்ரோசாஃப்ட், எட்ஜ்.

ஸ்கேன்

கையால் நீக்கிய பிறகு மிச்சத்தைத் துடைக்க ஸ்கேனர். மால்வேர்பைட்ஸின் ஆட்கிளீனர் இதற்கென்றே உள்ள இலவசக் கருவி. நிறுவத் தேவையில்லை, இறக்கி இயக்கினால் போதும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். தேடல் முடிவின் உச்சியில் விளம்பரமாக வரும் போலித் தளத்தில் இறக்கினால், ஆட்வேரை எடுக்கப்போய் இன்னொன்றை வாங்கி வருவீர்கள். பட்டியல் வந்ததும் ஒரு முறை படித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் முன்கூட்டியே போட்டு அனுப்பிய மென்பொருள்களை அது தனியாகக் காட்டும். அவற்றில் தேவையானதை விட்டுவிடலாம். மீதியைக் குவாரன்டைன் செய்து (இயங்க முடியாதபடி தனியே அடைத்து), ரீஸ்டார்ட் செய்து, ஒன்றும் சிக்காத வரை மறுபடி ஓட்டுங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்' பகுதியில் ரெப்யுடேஷன் அடிப்படையிலான பாதுகாப்புக்குள் போய், 'பொடென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங்' இயங்குகிறதா என்று பாருங்கள். அதே செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸின் அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியல் இருக்கும். ஸ்கேன் செய்யாதே என்று சொல்லித் தன் ஃபோல்டரை அங்கே தானே சேர்த்துக்கொள்ளும் ரகங்கள் உண்டு. நீங்கள் சேர்க்காதது இருந்தால் எடுத்துவிட்டு, 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' ஸ்கேன் கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். பழைய குறிப்புகள் சொல்லும் குரோம் கிளீனப் டூலைத் தேட வேண்டாம். 2023-இல் கூகுள் அதை எடுத்துவிட்டது.

இன்னும் போகவில்லையா?

டெஸ்க்டாப்பில் பிரவுசர் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' வரியைப் பாருங்கள். பிரவுசரின் இஎக்ஸ்இ கோப்புப் பெயருக்குப் பின்னால் ஒரு இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், பிரவுசரை எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அந்தப் பக்கம்தான் திறக்கும். முகவரியை அழித்துச் சேமியுங்கள். டாஸ்க்பாரில் உள்ள ஐகானுக்கும் இது பொருந்தும்.

சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே விளம்பரப் பக்கம் திறந்தால் பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் விண்டோஸ் கருவி) வேர் இருக்கும். லைப்ரரியில் ஒவ்வொரு டாஸ்க்கின் 'ஆக்ஷன்ஸ்' பகுதியையும் பாருங்கள். பிரவுசரை ஒரு முகவரியோடு திறப்பது, பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைகளை ஓட்டும் கருவி) புரியாத நீளமான எழுத்துக்கோவையை ஓட்டுவது, ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் அர்த்தமில்லாத பெயருள்ள கோப்பை இயக்குவது ஆகியவை சந்தேகத்துக்குரியவை. நேராக அழிக்காமல் 'டிசேபிள்' செய்து இரண்டு நாள் பாருங்கள். எதுவும் உடையவில்லை என்றால் அழியுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் இருப்பதைத் தொட வேண்டாம்.

எல்லா பிரவுசரிலும் தொல்லை இருந்தால், அல்லது ஆட்வேரை எடுத்த கையோடு இணையமே நின்றுவிட்டால், நெட்வொர்க் செட்டிங்ஸில் பிராக்ஸியைப் பாருங்கள். '127.0.0.1' என்ற முகவரி இருந்தால் இணையப் போக்குவரத்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஒரு புரோகிராம் வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று பொருள். அது போனதும் பாதை அறுந்துவிட்டது. நீங்கள் வைத்த விபிஎன் அல்லது ஃபில்டர் எதுவும் இல்லையென்றால் அந்த பிராக்ஸியை அணைத்தால் இணையம் திரும்பும்.

வங்கிப் பக்கம் போன்ற, முகவரி https என்று தொடங்கும் பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைந்தால் விஷயம் பெரிது. 2015-இல் லெனோவா லேப்டாப்களில் முன்கூட்டியே நிறுவியிருந்த சூப்பர்ஃபிஷ் இப்படித்தான் அம்பலமானது. தன் ரூட் சர்டிஃபிகேட்டை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் அடிப்படைச் சான்று) விண்டோஸில் பதித்து, மறையாக்கம் செய்த பக்கங்களைப் பிரித்து நடுவில் விளம்பரம் சொருகியது. புரோகிராமை நீக்கினாலும் சர்டிஃபிகேட் தங்கிவிட்டது, அதுதான் பெரிய ஆபத்து. முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியை (சில பிரவுசர்களில் அது பூட்டு) அழுத்திச் சர்டிஃபிகேட்டை வழங்கியவர் யார் என்று பாருங்கள். வெவ்வேறு தளங்களுக்கும் ஒரே விசித்திரப் பெயர் வந்தால், 'மேனேஜ் கம்ப்யூட்டர் சர்டிஃபிகேட்ஸ்' திறந்து டிரஸ்டட் ரூட் பட்டியலிலிருந்து அதை எடுக்க வேண்டும். உங்கள் ஆன்டிவைரஸின் பெயராக இருந்தால் பயப்பட வேண்டாம். சிலவற்றின் வழக்கம் அது.

கடைசியாக பிரவுசர் ரீசெட். குரோமில் புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் தங்கும். எக்ஸ்டென்ஷன்கள் அணையும், குக்கீகள் போகும். ஃபயர்ஃபாக்ஸில் 'ரிஃப்ரெஷ்' செய்தால் பழைய தகவல் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டராக வந்து நிற்கும். எல்லாம் சுத்தமானதும், சந்தேக எக்ஸ்டென்ஷன் நாள்பட இருந்திருந்தால், வேறொரு கருவியிலிருந்து மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லா இடங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள். பக்கங்களைப் படிக்கும் அனுமதி பெற்ற எக்ஸ்டென்ஷன் நீங்கள் தட்டியதையும் படித்திருக்கலாம்.

மேக்கில் அப்ளிகேஷனைக் குப்பைக்கு அனுப்பிய பிறகு, பயனரின் லைப்ரரியிலும் டிஸ்க்கின் லைப்ரரியிலும் உள்ள 'லாஞ்ச் ஏஜன்ட்ஸ்', டிஸ்க்கின் லைப்ரரியில் உள்ள 'லாஞ்ச் டீமன்ஸ்' ஆகிய மூன்று ஃபோல்டர்களையும் பாருங்கள். நீக்கிய அப்ளிகேஷனின் பெயருள்ள கோப்பு அங்கே இருந்தால் அதுதான் மறுபடி நடுவது. செட்டிங்ஸில் நீங்கள் போடாத புரொஃபைல் (அமைப்புகளை மொத்தமாக மாற்றும் கோப்பு) இருந்தால் அதையும் எடுங்கள்.

திரும்ப வராமலிருக்க

நிறுவும்போது 'எக்ஸ்பிரஸ்' வேண்டாம், எப்போதும் 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு'. ஒட்டி வரும் சரக்கின் டிக் அங்கேதான் தெரியும். 'டிக்ளைன்' அழுத்தினால் முழு நிறுவலும் நின்றுவிடுமோ என்று தோன்றும்படி திரையை அமைத்திருப்பார்கள். பெரும்பாலும் அந்த ஒட்டுச் சரக்கு மட்டும்தான் விலகும். விண்டோஸில் வின்கெட் (கட்டளை தட்டி மென்பொருளை நிறுவும் மைக்ரோசாஃப்ட் கருவி) மூலம் நிறுவினால் தேடல் விளம்பரங்களுக்கும் போலி டவுன்லோட் பொத்தான்களுக்கும் இடமில்லை. ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் கேட்டு வரும் எந்தப் பெட்டியும் பொய். அடோபி 2020 டிசம்பர் 31-உடன் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. காசு கொடுக்காமல் மென்பொருளின் பூட்டை உடைக்கும் கிராக், ஆக்டிவேட்டர் இறக்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை: ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கு என்று சொல்லும் கோப்பை இயக்குவது, வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வதுதான்.

விளம்பரத் தடுப்பானில் ஃபயர்ஃபாக்ஸுக்கு யூபிளாக் ஆரிஜின், குரோமுக்கு யூபிளாக் ஆரிஜின் லைட். பெயரை ஒட்டிய போலிகள் நிறைய, எழுத்துக்கூட்டிப் பாருங்கள். நல்ல எக்ஸ்டென்ஷனும் கைமாறும். பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் தி கிரேட் சஸ்பெண்டரைப் பலர் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2020-இல் உரிமை மாறியது, 2021 பிப்ரவரியில் தீங்கானது என்று கூகுள் நீக்கியது. ஆகவே ஒரு எக்ஸ்டென்ஷன் திடீரென்று புதிய அனுமதி கேட்டால், என்ன மாறியது என்று பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

குழந்தைகளோ பெரியவர்களோ பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் அவர்களுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு போட்டுக்கொடுங்கள். ரெஜிஸ்ட்ரியின் லோக்கல் மெஷின் பாலிசி, ரூட் சர்டிஃபிகேட் போன்றவற்றில் கைவைக்க அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். பிரவுசர் எக்ஸ்டென்ஷன், நோட்டிஃபிகேஷன் போன்றவற்றை இது தடுக்காது; அவற்றை மாதம் ஒருமுறை நீங்கள்தான் திறந்து பார்க்க வேண்டும்.