மார்கழிக்கு ஒரு கிறிஸ்துமஸ் காதல் நாவல்: புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு

திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆடி மாதமே வந்துவிடும். மான் படம் போட்ட பைஜாமா, சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட இரவு உடை, அப்பா, அம்மா, குழந்தை மூவருக்கும் ஒரே அச்சு என்று ஆர்டர்கள் வரிசைகட்டும். கப்பலேறிக் கடல் தாண்டிக் கடைக்குப் போய்ச் சேர வேண்டுமே, டிசம்பரில் தைத்தால் யாருக்கு ஆகும்? பனியன் கம்பெனியில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக இருந்த ஆறு வருடமும் அந்த மானைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப்போனது. பிறகொரு நாள் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் முப்பது ரூபாய்க்கு ஒரு ஆங்கில நாவல் வாங்கினேன். அதில் கதாநாயகி அதே மாதிரி மான் பைஜாமாவோடு கதவைத் திறக்கிறாள். வாசலில், தலையெல்லாம் வெண்பனியோடு, பத்து வருடத்துக்கு முன் பிரிந்துபோனவன். துணி நம் ஊருடையது, கதை எப்படித்தான் போகிறது பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். இன்றுவரை வருடத்துக்கு இரண்டு மூன்றாவது படித்துவிடுகிறேன்.

இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. மாத நாவல் படித்துப் பழகியவருக்கு அந்த ஆங்கிலம் கடினமே இல்லை. கால் இடறுவதெல்லாம் வேறு இடங்களில். அவற்றைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: மெல்லிய புத்தகமாக எடுங்கள்

இருநூறு பக்கத்துக்குள் இருக்கட்டும். 1908இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் புத்தகங்கள் இந்த அளவில் நிறையக் கிடைக்கும். புதிய கிறிஸ்துமஸ் நாவல்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே வெளிவந்துவிடும். பழைய புத்தகக் கடைக்காரருக்கோ பருவமே கிடையாது, சித்திரை வெயிலிலும் பனிமனிதன் அட்டைப்படம் வெளியே தொங்கும். அப்போதே பேரம் பேசி வாங்கி வையுங்கள். அண்ணன் தம்பி நால்வருக்கும் ஆளுக்கொரு புத்தகம் என்று வரும் தொடர்களும் உண்டு. மூன்றாவது தம்பியின் கல்யாணத்தில் போய் நுழைந்தால் மற்ற எல்லோரும் யார் யார் என்றே விளங்காது. முதல் புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள்.

படி 2: கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்று பாருங்கள்

அட்டையில் கைபேசியா, குதிரை வண்டியா? குதிரை வண்டி என்றால் அது பெரும்பாலும் ரீஜென்சி காலக் கதை. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் உடல்நலம் குன்றியதால் அவருடைய மகன் பதிலாளாக ஆண்ட 1811 முதல் 1820 வரையான காலம் அது. இங்கே ஒரு சின்ன விளையாட்டு இருக்கிறது. விக்டோரியா ராணியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் ஒரு பத்திரிகையில் வந்தது 1848இல். அதற்கு முன்பே அரண்மனையில் மரம் வைத்திருக்கிறார்கள் என்றாலும், வீட்டுக்கு வீடு அந்தப் பழக்கம் பரவியது அதன் பிறகுதான். வாழ்த்து அட்டை விற்பனைக்கு வந்தது 1843இல். எனவே 1815இல் நடக்கும் கதையில் ஒரு கிராமத்துப் பாதிரியார் வீட்டில் மரம் ஜொலித்து, தபாலில் வாழ்த்து அட்டையும் வந்தால் எழுதியவர் அவசரப்பட்டிருக்கிறார் என்று பொருள். எனக்கு இப்படிக் கண்டுபிடிப்பதில் தனிச் சுகம். கம்பெனியில் துணியில் குறை தேடும் செக்கிங் டேபிளில் நின்ற புத்தி.

படி 3: பனி என்றால் நம் பனி அல்ல

நிறையப் பேர் இடறும் இடம் இது. மார்கழி விடியலில் கோபி வயல்களில் புல்நுனியில் நிற்பதையும் பனி என்கிறோம், ஊட்டியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் உறைபனியையும் பனி என்கிறோம். நாவலில் வருவது வேறு. வானிலிருந்து பஞ்சாகக் கொட்டி, முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, சாலையை மூடி, விமானத்தை நிறுத்தி, மின்சாரத்தையும் பிடுங்கிக்கொள்ளும் வெண்பனி. அதை அழகுக்காக எழுதுவதாக நினைத்து அந்தப் பத்திகளைத் தாண்டிவிடாதீர்கள். ஒருவரோடொருவர் பேசவே மாட்டேன் என்று இருக்கும் இருவரை ஒரே வீட்டில் அடைத்துவைக்கும் வேலை அந்தப் பனியுடையது.

இது நமக்குப் புதிதா என்ன? சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் லாரி மாட்டிக்கொண்டால் போதும். மேலே போகிற பஸ்ஸும் கீழே வருகிற பஸ்ஸும் மணிக்கணக்கில் நின்றுவிடும். கட்டுச்சோற்றை அவிழ்ப்பார்கள், தெரியாதவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார், இரண்டு மணி நேரத்தில் பேச்சு குலதெய்வம் எதுவென்று கேட்கும் அளவுக்கு வந்துவிடும். அந்த லாரியின் இடத்தில் வெண்பனியை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: புல்லுருவியும் பலகாரமும்

மிசில்டோ என்று ஒரு செடி வரும். வாசல் நிலையிலோ கூடத்திலோ ஒரு கொத்தைத் தொங்கவிடுவார்கள். அதன் கீழே எதிர்ப்படும் இருவர் முத்தமிட்டுக்கொள்ளலாம். முத்தத்துக்கு ஒன்றாக அதிலுள்ள வெள்ளைக் கனியைப் பறிக்க வேண்டும், கனி தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது என்பது பழைய வழக்கம். இந்தச் செடி நம் புல்லுருவிக்கு உறவுக்காரி. மாமரத்திலும் வேம்பிலும் தொற்றிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிறதென்று நாம் அரிவாளோடு ஏறி வெட்டுகிறோமே, அதே குடும்ப வழி. தமிழில் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டுகிறோம், அங்கே அதற்குக் கீழே போய் நிற்பதற்குக் காரணம் தேடுகிறார்கள்.

மின்ஸ் பை என்று வந்தால் கொத்துக்கறி என்று பயப்பட வேண்டாம். முற்காலத்தில் அதில் இறைச்சி சேர்த்தார்கள், இன்று உலர் திராட்சையும் மசாலா வாசனையும் மட்டும்தான். புட்டிங் என்பது நாம் கிண்ணத்தில் சாப்பிடும் குளிர்ந்த வகையல்ல, மணிக்கணக்கில் அவித்து எடுக்கும் கனத்த பண்டம். மாவைக் கலக்கும்போது உள்ளே ஒரு வெள்ளிக்காசு போடுவார்கள், அது கிடைத்தவருக்கு அதிர்ஷ்டம். கதாநாயகியின் துண்டில்தான் இருக்கும், சந்தேகம் வேண்டாம். அட்வென்ட் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காத்திருப்புக் காலம். டிசம்பர் 26 பாக்சிங் டே, அதற்கும் குத்துச்சண்டைக்கும் தொடர்பில்லை. கதை ஸ்காட்லாந்தில் என்றால் புத்தாண்டுக்குத்தான் கொண்டாட்டம் அதிகம், அங்கே கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானதே 1958இல்தான்.

ஈரோட்டில் பிரப் தேவாலயத்துக்குப் போகும் தோழி ஒருத்திக்கு இரண்டு புத்தகம் கொடுத்தேன். "பனி இருக்கிறது, கேக் இருக்கிறது, இதில் ஏசு எங்கே அக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஜெபமும் விசுவாசமும் கதையின் நடுவில் இருக்க வேண்டுமென்றால் இன்ஸ்பிரேஷனல் என்ற தனிப் பிரிவு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: முடிவு தெரிந்தே படியுங்கள்

அவர்கள் சேர்ந்துவிடுவார்கள். இது ரகசியமே அல்ல, இந்த வகை நாவல் வாசகருக்குக் கொடுக்கும் வாக்குறுதி. என் அமுச்சி, அம்மாவின் அம்மா, கேட்டாள், "முடிவுதான் தெரியுமே கண்ணு, பிறகு எதற்கு உட்கார்ந்து படிக்கிறாய்?" அவள் இளவயதில் ஊர் ஊராக, வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி பார்த்தவள். "வள்ளியை முருகன் கட்டிக்கொள்வான் என்று உனக்குத் தெரியாதா, விடிய விடிய ஏன் உட்கார்ந்தாய்?" என்றேன். சிரித்துவிட்டாள்.

உண்மையில் வள்ளி கதை தெரிந்தவருக்கு இந்த நாவல்கள் அத்துப்படி. வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகித் தினைமாவு கேட்கிறான், அண்ணனை யானையாக வரவழைத்துப் பயமுறுத்துகிறான். அங்கே கோடீஸ்வரன் சாதாரண ஆளாகக் கிராமத்துக்கு வருவான். வீட்டாரின் வாயை அடைக்க இருவர் நிச்சயமானவர்கள்போல் நடிப்பார்கள். யானைக்குப் பதில் பனிப்புயல். 2024இல் வள்ளி ஒயில் கும்மிக்காகப் பத்மஸ்ரீ பெற்ற பத்திரப்பன் அவர்களின் ஊர்ப்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், எந்த அடிக்கு எந்தப் பாட்டு வருமென்று ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கால் தப்பாமல் விழுகிறது. நாவலிலும் அடுத்த அடி வருமா என்று பார்க்காதீர்கள், எழுதியவர் அதை எப்படி வைக்கிறார் என்று பாருங்கள். முக்கால் புத்தகத்தில் இருவரும் சண்டையிட்டுப் பிரிவார்கள். அந்தச் சண்டைக்கு உருப்படியான காரணம் இருந்தால் நல்ல நாவல். ஒரே ஒரு போன் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் என்றால் சுமார்.

படி 6: படுக்கையறைக் கதவு

சில நாவல்களில் கதவு சாத்தப்படும், சிலவற்றில் திறந்தே கிடக்கும். மான், பனிமனிதன் என்று குழந்தைப் புத்தகம்போல அட்டை இருந்தாலும் நம்ப முடியாது. வாங்கும் முன் நடுவில் பிரித்து நாலு பக்கம் பார்த்துவிடுங்கள். கூடத்து மேசையில் மறந்து வைத்த புத்தகத்தை மாமனார் ஆங்கிலப் பயிற்சிக்காக எடுத்துப் புரட்டிய அனுபவம் எனக்கு உண்டு. அதைப் பற்றி இருவரும் இதுவரை பேசவில்லை.

படி 7: நாளுக்கு ஒன்று

டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கொரு ஜன்னல் திறக்கும் அட்டை அங்கே குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். நானும் அப்படியே நாளுக்கு ஓர் அத்தியாயம் வைத்துக்கொள்கிறேன், வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த பிறகு, காபியோடு. ஐம்பதாம் பக்கம்வரை மனம் ஒட்டவில்லையென்றால் மூடிவிடுங்கள், கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார். ஒட்டிவிட்டால், கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 5 வரையான பன்னிரண்டு நாட்களில் இரண்டாவது புத்தகம். அது முடிந்ததும் அவர்கள் வாசலில் தொங்கும் இலைகளையெல்லாம் கழற்றிவிடுவார்கள். அடுத்த வாரம் பொங்கலுக்கு நாம் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்ட வேண்டும், கொத்து ஒடித்து வர ஆள் சொல்லி வையுங்கள்.