வடசென்னைக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்

விடுமுறைக்கு வந்தால் சொந்தக்காரர்கள் மகாபலிபுரத்துக்கு அழைத்துப் போவார்கள், தி.நகருக்கு அழைத்துப் போவார்கள். வடசென்னை என்றால் மட்டும் "அங்க என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன், கொஞ்சம் பாரபட்சம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் இரண்டு நாள் கையில் இருந்தால் இந்தப் பக்கம் வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மெரினா மாதிரி மணல்வெளியை இங்கே தேடாதீர்கள். தெற்கிலிருந்து வடக்கே கடல் தள்ளிக்கொண்டு வரும் மணலைத் துறைமுகத்தின் சுவர் மறித்துவிட்டது. தங்கிய மணலில் மெரினா அகன்றது. மணல் வந்து சேராத ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்தது. கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருப்பது அதனால்தான். உட்கார்ந்து காற்று வாங்கலாம். பாறை வழுக்கும், குளிக்க இறங்காதீர்கள்.

கடலைப் பார்க்க நல்ல இடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடிவதற்கு முன்பே போய்விடுங்கள். ஏழு மணிக்குப் போனால் வெயிலும் நெரிசலும்தான் மிச்சம், ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். படகிலிருந்து கூடை இறங்கும், ஏலம் நடக்கும், தரையெல்லாம் மீன் தண்ணீர். வெள்ளை ஷூவை வீட்டிலேயே விட்டுவிட்டு ரப்பர் செருப்பில் வாருங்கள். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால் எல்லாம் கிடைக்கும். சுத்தம் செய்து துண்டு போட்டுக் கொடுக்கவும் ஆள் இருப்பார்கள். "அக்கா, என்ன விலை?" என்று சிரித்த முகமாகக் கேட்டால் "இன்னா கண்ணு, வெளியூரா?" என்று பதில் வரும், விலையை உடனே பாதியாகக் கேட்காதீர்கள், மானம் போய்விடும். வெளிநாட்டு வங்கி அட்டையை நம்பி வராமல் சில்லறையாகப் பணம் எடுத்து வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் வந்தால் பெரிய மீன் குறைவு, விலையும் ஏறியிருக்கும்.

அங்கிருந்து கிளம்பும்போது ராயபுரம் ரயில் நிலையத்தை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இங்கிருந்துதான் புறப்பட்டது.

அடுத்து கோட்டை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இயங்குவதால் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். உள்ளே 1680இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம் இருக்கிறது. ராபர்ட் கிளைவுக்குக் கல்யாணம் நடந்த இடம். பக்கத்திலேயே அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்று தெரியாமல் அமெரிக்காவிலிருந்து வந்த மாமா பையனைக் கூட்டிப்போய், பூட்டிய கதவைக் காட்டித் திரும்பியிருக்கிறேன். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வைத்திருப்பவர்கள் அதை எடுத்து வாருங்கள். தொல்லியல் துறையின் இடங்களில் இந்தியர்களுக்கான கட்டணமே வாங்க வேண்டும் என்று 2021இல் அரசாணை வந்திருக்கிறது.

எதிரே உயர் நீதிமன்றம், 1892இல் கட்டி முடித்த செங்கல் கட்டடம். அதன் சுவரில் எம்டன் குண்டு போட்டதற்கான கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் சுட்டதில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. "அவன் சரியான எம்டன்" என்று பாட்டி யாரையாவது திட்டியிருந்தால், அந்தச் சொல் வந்த வழி இதுதான். சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் நடந்தால் அத்தோ கிடைக்கும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். வயிறு மென்மையாக இருந்தால் சூடாகத் தரும் மொய்ங்கா என்ற நூடுல்ஸ் சூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறுநாள் திருவொற்றியூர். உயர் நீதிமன்றத்திலிருந்து மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் தேரடியில் இறங்கலாம். வழியில் வரும் காலடிப்பேட்டையில் யாருடைய காலடியும் இல்லை. கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டை, நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. தியாகராஜர் கோயில் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். கருவறையின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கற்பணி. அவசரப்படாமல் பிராகாரத்தை ஒருமுறை சுற்றி வந்து அந்த வளைவைப் பாருங்கள். மனைவி சங்கிலி நாச்சியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்த மகிழ மரத்தையும் காட்டுவார்கள். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போயிற்று என்பது புராணம். மூலவர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசமில்லாமல் தரிசிக்கலாம், கூட்டமும் அப்படித்தான் இருக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது, அதற்குப் பத்து நிமிடம் போதும்.

இடிபாடுகளில் ஆர்வமிருந்தால் இன்னொரு நாள் வேண்டும். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டையில் இப்போது புதர்தான் மிச்சம். கல்லறைத் தோட்டத்தைத் தவறவிடாதீர்கள், வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். குளிர்காலம் என்றால் ஏரியில் பூநாரைகள் இருக்கும். கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று யாராவது படகுக்குக் கூப்பிட்டால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கரையிலிருந்தே பார்க்க ஒரு பைனாகுலர் கொண்டுவாருங்கள், இருட்டுவதற்குள் பொன்னேரி பேருந்தைப் பிடித்துவிடுங்கள்.