அப்புச்சியின் மூங்கில் குச்சிக்குப் பதிலாக ஒரு சென்சார்

பெருந்துறைப் பக்கம் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டம். கிணற்று மோட்டார் ஓடினால் மேட்டுத் தொட்டி ரொம்பும். அங்கிருந்து மஞ்சளுக்கும் தென்னைக்கும் தண்ணீர் போகும். மும்முனை கரண்ட் ராத்திரி முறையில் வந்தால் அப்புச்சி டார்ச்சும் கையுமாக ஏணி ஏறி, கோடு வெட்டிய மூங்கில் குச்சியைத் தொட்டிக்குள் விட்டுப் பார்ப்பார். அந்தக் குச்சியின் வேலையை ஒரு சென்சாரிடம் கொடுத்து, அளவைப் போனுக்கு வரவைப்பதுதான் இந்தப் பாடம். மோட்டாரைப் போனிலிருந்து ஓட்டுவது இதில் கிடையாது. மூன்று பேஸ் ஸ்டார்ட்டர் பெட்டி எலக்ட்ரீஷியனுடைய இடம், நமக்கு வேண்டாம்.

வாங்க வேண்டியவை

நோட்எம்சியு போர்டு (இஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள குட்டிக் கம்ப்யூட்டர்), ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற நீர்புகா அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலி அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளப்பது), 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் மூன்று, பழைய போன் சார்ஜர், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. மலிவு என்று, நீர்புகாப்பு இல்லாத எச்.சி-எஸ்ஆர்04 சென்சாரை வாங்கிவிடாதீர்கள். மேசையில் நன்றாகத்தான் ஓடும். தொட்டி ஈரத்தில் தாங்காது.

படி 1: ஒயர் இணைப்பு

சென்சாருக்கு 5 வோல்ட், கிரவுண்ட் இரண்டும் போர்டிலிருந்தே எடுக்கலாம். சென்சாரின் 'டிரிக்' காலை (ஒலியைக் கிளப்பும் பின்) போர்டின் டி5 காலுக்கு நேராகக் கொடுங்கள். 'எக்கோ' காலில்தான் (எதிரொலியைச் சொல்லும் பின்) சூதானம் வேண்டும். அது 5 வோல்ட்டில் பதில் சொல்லும். போர்டின் கால்களோ 3.3 வோல்ட்டுக்கு ஆனவை. அதனால் எக்கோவிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக டி6-க்கு வாருங்கள். டி6-லிருந்து மிச்சம் இரண்டையும் வரிசையாகக் கோத்துக் கிரவுண்டில் முடியுங்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3.3 வோல்ட் மட்டும் டி6-க்கு வந்து சேரும்.

படி 2: எங்கே மாட்டுவது

நான் சொதப்பியது இங்கேதான். தண்ணீர் கொட்டும் குழாய்க்குப் பக்கத்திலேயே மாட்டினேன். தெறிப்பில் பட்டு ஒலி திரும்பியதில் தொட்டி 110 சதவீதம் என்று காட்டியது. குழாய்க்கு எதிர் மூலைக்கு மாற்றினேன். அப்போதும் தொட்டி ரொம்பும் நேரத்தில் மட்டும் தாறுமாறான எண்கள் வந்தன. காரணம், இந்தச் சென்சாருக்கு முகத்துக்கு நேரே இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை கண் தெரியாது. அனுப்பிய ஒலியின் அதிர்வு அடங்குவதற்குள் எதிரொலி வந்துவிடும். ஆகவே நிறைந்த மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு இரும்புப் பட்டையில், நேர் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள்.

போர்டு இருக்கும் டப்பாவை நிழலில் வையுங்கள். ஒயர் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். பல்லி முட்டை வைக்க அதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது.

படி 3: நேரத்தைத் தண்ணீராக்குவது

போர்டுக்கு நிரல் எழுதும் அர்டுயினோ மென்பொருளில் இஎஸ்பி8266 போர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரிக் காலை 10 மைக்ரோசெகண்ட் உயர்த்தி இறக்கினால் ஒலி கிளம்பும். எக்கோ எவ்வளவு நேரம் உயர்ந்திருக்கிறதோ அதுதான் ஒலி போய்வந்த நேரம். மைக்ரோசெகண்டில் உள்ள அந்த நேரத்தை 0.0343-ஆல் (ஒரு மைக்ரோசெகண்டில் ஒலி போகும் சென்டிமீட்டர்) பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வரும். எங்கள் தொட்டி ஆழம் 150 சென்டிமீட்டர், சென்சாரிலிருந்து தொட்டித் தரை 180. எக்கோ 5830 மைக்ரோசெகண்ட் என்றால் தூரம் 100. தண்ணீர் 80 சென்டிமீட்டர், அதாவது 53 சதவீதம்.

0.0343 என்பது 20 டிகிரிக்கான கணக்கு. ஈரோட்டு வெயிலில் 35 டிகிரி சாதாரணம். ஒலி இன்னும் வேகமாகப் போகும், 100 சென்டிமீட்டருக்குச் சுமார் 3 தப்பும். 0.0353 போட்டுப் பாருங்கள். பிறகு மூங்கில் குச்சியை விட்டு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஏழு தடவை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் வரும் எண்ணை மட்டும் எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு பொய் எண் வந்தாலும் சராசரியைக் கெடுத்துவிடும்.

படி 4: இணையத்துக்கு அனுப்புவது

இந்தப் போர்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். சாளையில் (தோட்டத்து வீட்டில்) உள்ள ரவுட்டர் 5-ல் மட்டும் ஓடினால் எத்தனை முறை பாஸ்வேர்டு அடித்தாலும் சேராது. தொட்டி வைஃபைக்கு எட்டாத தூரம் என்றால் லோரா என்ற நெடுந்தூர ரேடியோ ஒரு வழி. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம்.

செய்தியைக் கொண்டுபோக எம்கியூடிடி என்ற செய்திப் பரிமாற்ற முறை. பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது. மெலிந்த இணைப்புக்கென்றே பிறந்ததால் தோட்டத்துக்கும் பொருந்துகிறது. நடுவில் 'புரோக்கர்' என்ற சர்வர் இருக்கும். நம் மண்டித் தரகர் மாதிரி. போர்டு அவரிடம் தலைப்புப் போட்டு எண்ணைக் கொடுக்கும். அந்தத் தலைப்பைக் கேட்டு வைத்திருக்கும் போனுக்கு அவர் சேர்ப்பார். தலைப்பைத் தமிழிலேயே 'தோட்டம்/தொட்டி/மட்டம்' என்று வைக்கலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எம்கியூடிடி பேச உதவும் பப்சப்கிளையன்ட் என்ற நிரல் நூலகத்தின் உதாரண நிரலில் வைஃபை பெயர், புரோக்கர் முகவரி, பாஸ்வேர்டு மாற்றி, நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லுங்கள். பொதுச் சோதனை புரோக்கர்கள் பழகிப் பார்க்க மட்டும். அங்கே போடுவதை ஊரே படிக்கும்.

படி 5: உயில்

பலரும் விட்டுவிடும் படி இது. போர்டு செத்துப்போனால் போனில் பழைய எண்ணே நிற்கும். 80 என்று பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவீர்கள், தொட்டி வழிந்து வரப்பு கரைந்துகொண்டிருக்கும். எம்கியூடிடியில் இதற்கென்றே 'லாஸ்ட் வில்' உண்டு. இணையும்போதே "நான் சொல்லாமல் போய்விட்டால் 'தொட்டி பேசவில்லை' என்று எல்லாருக்கும் சொல்லிவிடு" என்று புரோக்கரிடம் எழுதிக்கொடுத்துவிடலாம். புரோக்கரைச் சாளையிலேயே வைத்தால் கரண்ட் போகும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். அதனால் உயிலை நிறைவேற்றுபவர் வெளியூரில் இருப்பது நல்லது.

படி 6: மணி

95 சதவீதம் தாண்டினால் போனில் மணி அடிக்க வையுங்கள். ஒருமுறை அடித்தபின், மட்டம் 85-க்குக் கீழே இறங்கும்வரை மறுபடி அடிக்கக் கூடாது என்றும் எழுதுங்கள். நான் அதை விட்டுவிட்டேன். அலை 94-க்கும் 96-க்கும் ஆட ஆட மணியும் அடித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்புச்சியிடமிருந்து போன்: "ஏங்கண்ணு, தொட்டி ரொம்பிருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுக்கு யாராச்சும் சொல்லுங்க."