பல மாடல் ரயில்களை ஒரே தண்டவாளத்தில் ஓட்ட: டிஜிட்டல் கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சாதாரண டிசி கன்ட்ரோலரில் குமிழைத் திருகினால் தண்டவாளத்தின் வோல்டேஜே மாறும். அதன்மேல் நிற்கும் இன்ஜின்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிடும். டிசிசி (டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்) முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருக்கும். ஹெச்ஓ (HO, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) அளவுக்குச் சுமார் 14-15 வோல்ட். கட்டளையும் அந்த மின்சாரத்திலேயே போகிறது. துருவம் இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கும்; ஒரு பக்கம் 58 மைக்ரோசெகண்ட் நின்றால் அது 1, சுமார் 100 அல்லது அதற்கு மேல் நின்றால் 0. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டும்.

கருவி வரும் பெட்டியின்மேல் "9999 இன்ஜின்கள்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது முகவரி எண்களின் கணக்கு, ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய ரயில்களின் கணக்கல்ல. பார்க்க வேண்டிய எண் பின்பக்கம் சின்னதாக இருக்கும்: ஆம்பியர்.

படி 1: ஆம்பியர் கணக்கு

புதிய ஹெச்ஓ இன்ஜின் ஒன்று ஓடும்போது 0.3 முதல் 0.5 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய மோட்டார் என்றால் 1 ஆம்பியரைத் தொடலாம். நின்றுகொண்டிருக்கும் சவுண்ட் இன்ஜினும் சும்மா இருப்பதில்லை, 0.1 என்று வையுங்கள். குண்டு பல்பு போட்ட ரயில் பெட்டிக்கு 0.05.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓடும் இன்ஜின் 4 (2.0), நிற்கும் சவுண்ட் இன்ஜின் 3 (0.3), விளக்குப் பெட்டி 8 (0.4). மொத்தம் 2.7. இதோடு கால்பங்கு கூடுதலாக வைத்தால் ஏறத்தாழ 3.4 ஆம்பியர். 3 ஆம்பியர் கருவி போதாது. ஆனால் பெட்டி விளக்குகளை எல்இடிக்கு மாற்றினால் அந்த 0.4 என்பது 0.1-க்கும் கீழே இறங்கும். மொத்தம் 3 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். பூஸ்டர் (கூடுதல் ஆம்பியர் தரும் கருவி) வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று 'N' அளவு (ஹெச்ஓவைவிடச் சின்ன) ரயிலுக்கு 5 ஆம்பியர் கருவி வாங்க வேண்டாம். ஷார்ட் ஆகும்போது அத்தனை ஆம்பியரும் அந்தச் சின்னச் சக்கரம் வழியாகத்தான் பாயும். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் உருகும். வோல்டேஜையும் 12-க்கு அருகில் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

படி 2: எத்தனை கைகள்?

ஒருவர் மட்டும் ஓட்டினால் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய கருவி போதும். இரண்டு பேர் என்றால் இரண்டு த்ராட்டில் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைக்கருவி) வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். டிசிசியை என்எம்ஆர்ஏ என்ற அமெரிக்க மாடல் ரயில் சங்கம் தரப்படுத்தியிருப்பதால் எந்த நிறுவனத்தின் டிகோடரும் எந்தக் கமாண்ட் ஸ்டேஷனிலும் (கட்டளை அனுப்பும் மையக் கருவி) ஓடும். அந்தத் தரம் தண்டவாளத்தோடு சரி. த்ராட்டிலை இணைக்கும் கேபிள் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: டிஜிட்ராக்ஸுக்கு லோகோநெட், லென்ஸுக்கு எக்ஸ்பிரஸ்நெட். ஒன்றின் த்ராட்டில் மற்றதில் வேலை செய்யாது. முதல் பெட்டியை வாங்கும்போதே அடுத்த பத்து வருடத்துக்கான கருவிக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

வைஃபை வசதி இருந்தால் செல்போனே த்ராட்டில் ஆகிவிடும். ஆண்ட்ராய்டுக்கு இன்ஜின் டிரைவர் என்ற செயலி உண்டு. ஆனால் திரையைப் பார்க்காமல் வேகத்தைக் குறைக்க, கைக்குத் தட்டுப்படும் ஒரு குமிழ்போல வராது.

மெர்க்லின் நிறுவனத்தின் மூன்று தண்டவாள இன்ஜின் வைத்திருப்பவர்கள், மோட்டோரோலா, எம்எஃப்எக்ஸ் என்ற இரண்டு கட்டளை முறைகளும் அந்தக் கருவியில் உண்டா என்று தனியாகப் பாருங்கள்.

படி 3: புரோகிராமிங் தடம் தனியாக உண்டா?

புது டிகோடர் முகவரி 3-உடன் வரும். அதை மாற்றப் புரோகிராமிங் தடம் (டிகோடரில் எழுதுவதற்கான தண்டவாளம்) வேண்டும். தனி இணைப்பு இல்லாத ஆரம்பநிலைக் கருவிகளில் மெயின் தண்டவாளமே புரோகிராமிங் தடமாக மாறிவிடும். அப்போது மேலே நிற்கும் எல்லா இன்ஜினுக்கும் ஒரே எண் விழும். ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிட வேண்டும். அது முடியாது என்றால் தனி இணைப்புள்ள கருவியை வாங்குங்கள்.

நான்கு இலக்க முகவரியைப் பெரும்பாலான கருவிகள் தாமே எழுதிவிடும். கையால் எழுதினால், 1234-க்கு சிவி17-ல் (சிவி என்பது டிகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும், எண்ணிட்ட இடம்) 196, சிவி18-ல் 210 (1234-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 210, ஈவோடு 192-ஐக் கூட்டுங்கள்). பிறகு சிவி29-ன் மதிப்பில் 32-ஐக் கூட்ட வேண்டும். 6 என்றிருந்தால் 38. இதை மறந்தால் இன்ஜின் பழைய 3-க்கே ஓடும்.

படி 4: வயரிங்

சால்டரிங் பழகியவர்களுக்கு டிசிசி-இஎக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் வழியும் உண்டு. அர்டுயினோ மெகாவும் மோட்டார் ஷீல்டும் போதும். எந்தக் கருவியானாலும் வயரிங் ஒன்றுதான்.

மேடைக்கு அடியில் 2.5 சதுர மில்லிமீட்டர் பஸ் வயர் (முதன்மை வயர்) இரண்டு, இரண்டு நிறத்தில். அதிலிருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு ஜோடி மெல்லிய வயர் (ஃபீடர்) தண்டவாளத்துக்கு. 10 மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால், 3 ஆம்பியரில் போக வர 0.7 வோல்ட் வயரிலேயே போய்விடும்.

முடிந்ததும் ஒரு நாணயத்தை எடுத்து இரண்டு தண்டவாளத்தையும் தொடும்படி வையுங்கள். கருவி உடனே கட் ஆக வேண்டும். பிறகு அடுத்த மீட்டர், அதற்கடுத்தது. எங்காவது கட் ஆகாமல் நாணயம் சூடானால் அங்கே ஃபீடர் போதவில்லை. நிஜமாக ஷார்ட் ஆகும் நாளில் உருகப்போவது அந்த இடம்தான்.

வழக்கமாக வரும் கோளாறுகள்

பழைய டிசி செட்டிலிருந்து எடுத்த பவர் கிளிப்பைப் போட்டிருந்தால் இன்ஜின் விட்டுவிட்டு ஓடும். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சிக்னலைச் சிதைக்கும், வெட்டி எடுங்கள்.

பழைய இன்ஜினில் டிகோடர் போட்டதும் புகை வந்தால், மோட்டாரின் ஒரு பிரஷ் சேசிஸோடு தொட்டிருக்கிறது. போடுவதற்கு முன்பே பிரஷ்ஷுக்கும் சக்கரத்துக்கும் இடையே மல்டிமீட்டர் 'பீப்' அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கக் கூடாது.

டிகோடர் இல்லாத டிசி இன்ஜினை டிசிசி தண்டவாளத்தில் நிறுத்தி வைத்தால் மோட்டார் 'கிர்ர்' என்று இரைந்துகொண்டே சூடேறும். கோர்லெஸ் மோட்டார் விரைவில் எரிந்துவிடும்.

ரயில் சுற்றித் திரும்பி அதே பாதைக்கு வரும் லூப்பில் இடது தண்டவாளம் வலதோடு முட்டும், ஷார்ட் ஆகும். அங்கே துருவத்தைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்சர் தேவை. ரிவர்சருக்காகப் பிரித்த அந்தத் தனிப்பகுதி உங்கள் நீளமான ரயிலைவிட நீளமாக இருக்கட்டும்.

நேற்றுவரை ஓடிய இன்ஜின் இன்று தன் எண்ணுக்கு அசையவில்லை, விளக்கு மட்டும் எரிகிறதா? இரட்டை இன்ஜினாகக் கோத்தபோது சிவி19-ல் எழுதியது இன்னும் அழியாமல் இருக்கும். அதில் 0 எழுதுங்கள், கிளம்பிவிடும்.