டெல்லி – டோக்கியோ: விமான நேரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லிக்கும் டோக்கியோவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 5,850 கிலோமீட்டர். பயணிகள் விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்தால் ஆறரை மணி நேரம் வரும். அந்த எண்ணை நம்பி எதையும் ஏற்பாடு செய்துவிடாதீர்கள். நேரடி விமானத்தில் போவதற்கு எட்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். திரும்பி வர ஒன்பதரை மணி நேரம்கூட ஆகலாம்.

5,850 என்பது பூமி உருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய கோடு. அந்தக் கோடு இமயமலையையும் திபெத் பீடபூமியையும் கடந்து போகிறது. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், மூச்சுவிடத் தோதாக விமானி சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறக்கியாக வேண்டும். திபெத்திலோ தரையே 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது! அதனால் விமானங்கள் பெரும்பாலும் தெற்கே வளைந்து, வங்கதேசம், மியான்மர் பக்கமாகச் சுற்றிச் செல்கின்றன. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அட்டவணையில் அடங்கும்.

போக ஆகும் நேரமே வரவும் ஆகும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. டோக்கியோ போகும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று, திரும்பும்போது எதிர்த்து நிற்கும். கோடையில் அது வலுவிழக்கும். ஆகவே ஜூலை மாத அட்டவணையைப் பார்த்துவிட்டு ஜனவரிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

பலரையும் குழப்புவது கடிகாரம்தான். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் நேரங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே இருக்கிறது. இரு நாடுகளிலும் கோடை நேர மாற்றம் இல்லை என்பதால் ஆண்டு முழுவதும் இதே கணக்குத்தான். இரவு 8.00 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 7.30 மணிக்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருந்தால், பயணம் பதினொன்றரை மணி நேரமல்ல. மூன்றரையைக் கழித்து எட்டு. திரும்பும்போது கூட்ட வேண்டும்: காலை 11.30-க்குக் கிளம்பி மாலை 5.30-க்கு டெல்லி சேர்ந்தால், ஆறு மணி நேரத்தோடு மூன்றரை சேர்ந்து ஒன்பதரை.

பாங்காக்கில் விமானம் மாறினால் தூரம் 7,500 கிலோமீட்டருக்கு வந்துவிடும், காத்திருப்பு தனி. விலை மலிவு என்பதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்கும் முன் மொத்த நேரத்தைப் பாருங்கள்.

டோக்கியோவில் எந்த விமான நிலையம் என்பதையும் கவனியுங்கள். ஹனேடா நகரை ஒட்டியே இருக்கிறது. நரிடா நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். இரவு வெகுநேரம் கழித்து அங்கே இறங்கினால் நகருக்குப் போக ரயில் இருக்காது; அப்படிப்பட்ட டிக்கெட் என்றால் விமான நிலையத்துக்கு அருகிலேயே அறை எடுத்துவிடுங்கள்.