நெல் டிரையர் வாங்குமுன்: ஆலைக்கும் ஆய்வேட்டுக்கும் உதவும் ஒரு தெரிவு முறை

பெரும்போக அறுவடை தொடங்கினால் கிழக்கிலங்கையின் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் படுவான்கரை வயல்வட்டைகளிலும் வெட்டு மெஷின்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இறங்கிவிடும். வெட்டி வரும் நெல்லின் ஈரப்பதன் பெரும்பாலும் 20 முதல் 24 வீதம். மூட்டை கட்டி வைக்க அது 14 வீதத்துக்கு இறங்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மழை பெய்தால் தெருவோரம் காயப்போட்ட நெல் நனையும், குவித்து வைத்த நெல் சூடேறி அரிசி மஞ்சளாகும். டிரையர் வாங்கும் பேச்சு ஒவ்வொரு போகத்திலும் எழுவது அதனால்தான். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவருக்கு இதே கேள்வி நல்லதோர் ஆய்வுத் தலைப்பும் ஆகும்.

இரு தரப்புக்கும் பொருந்துவது படிநிலைப் பகுப்பாய்வு முறை. ஆய்வாளர் இதை ஏஎச்பி என்பர். எது எத்தனை மடங்கு முக்கியம் என்று சோடி சோடியாக ஒப்பிட்டு, அதை எண்ணாக்கித் தெரிவுகளை வரிசைப்படுத்துவது இது. தோமஸ் சாட்டி 1970களில் உருவாக்கியது. கணக்கு எளிது, ஒரு கல்குலேட்டர் போதும். பிழை வருவது கணக்குக்கு முன்னால் கேட்கும் கேள்விகளில். ஆகவே இங்கே அந்தப் பகுதிக்கே கூடுதல் இடம் தருகிறோம். கீழே வரும் விலைகளும் அளவுகளும் கணக்கை விளக்குவதற்கான உதாரண எண்கள். உங்கள் ஆலையின் எண்களை நீங்களே அளந்து போட வேண்டும்.

எடை போடக்கூடாத நிபந்தனைகள்

சில விடயங்கள் "முக்கியம்" என்ற வகையில் வராது. இருந்தால் இயந்திரம் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. மும்முனை மின்சாரம் இல்லாத இடத்தில் அதைக் கேட்கும் இயந்திரத்தைப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். உமி எரிக்கும் அடுப்பென்றால் அறுவடைக் காலத்துக்குப் போதுமான உமி கைக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும், புகைக்கு அயல்வீடுகள் இடம்கொடுக்க வேண்டும். ஒரு நாளில் வரும் ஈரநெல்லை அடுத்த நாளுக்குள் காயவைக்க முடியாத கொள்ளளவும் வேண்டாம். இவற்றை முதலில் சரிபார்த்து, தோற்றதை அகற்றிவிடுங்கள். இவற்றுக்கும் புள்ளி கொடுத்தால், ஓடவே முடியாத இயந்திரம் வேறு புள்ளிகளால் முதலிடத்துக்கு வந்துவிடும்.

இப்போது செய்யும் முறையைக் கட்டாயம் பட்டியலில் வைத்திருங்கள். இங்கே அது சீமெந்துத் தளத்தில் வெயிலில் காயவைப்பது. எங்கள் உதாரணத்தில் மூன்று தெரிவுகள்: சீமெந்துத் தளம், நெல்லைப் பரப்பி அடியிலிருந்து சூடான காற்றடிக்கும் தட்டை டிரையர், நெல்லை மேலேற்றி இறக்கிச் சுழற்றும் கோபுர டிரையர்.

அளவை எடுத்துவிட்டுத்தான் கருத்தைக் கேட்க வேண்டும்

"செலவு முக்கியமா, அரிசி உடையாமல் வருவது முக்கியமா?" என்று வெறுமனே கேட்டால் வரும் பதிலுக்குப் பொருளில்லை. எவ்வளவு செலவுக்கு எவ்வளவு உடைவு என்று தெரியாமல் வயல் முதலாளியான போடியாராலும் சொல்ல ஏலாது, பேராசிரியராலும் சொல்ல ஏலாது. ஆகவே முதலில் மூன்று அளவுகள்.

முதலாவது முழு அரிசி வீதம். ஒரே வயலின் ஒரே இன நெல்லை மூன்றாகப் பிரித்து மூன்று முறையிலும் 14 வீதத்துக்குக் காயவையுங்கள். ஈரமானியைச் சூடான நெல்லில் வைக்க வேண்டாம், வாசிப்புப் பிழைக்கும். ஆறவிட்டு, குவியலின் ஐந்து இடங்களில் எடுத்துக் கலந்து பாருங்கள். தட்டை டிரையரில் அடித்தட்டு நெல் முதலில் காய்ந்துவிடும், மேல்தட்டு ஈரமாக நிற்கும். மேலே மட்டும் அள்ளிய மாதிரி உண்மை சொல்லாது. காய்ந்த நெல்லை ஒரு நாளாவது வைத்திருந்துவிட்டுக் குத்துங்கள். 200 கிராம் நெல்லில் 104 கிராம் முழு அரிசி வந்தால் அது 52 வீதம். முழு நீளத்தின் முக்கால் பங்குக்குக் குறையாத மணிகளையே முழு அரிசியாகக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது மூன்று மாதிரி வேண்டும். பச்சையரிசி ஆலைக்கே இந்த அளவு பெரிதும் பொருந்தும். புழுங்கல் நெல்லில் உடைவு இயல்பாகவே குறைவு. அவித்த நெல்லின் ஈரமும் வேறு, காயவைக்கும் படிகளும் வேறு. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்க வேண்டாம்.

இரண்டாவது செலவு. 22 வீத ஈரமுள்ள 1000 கிலோ நெல்லை 14 வீதத்துக்கு இறக்கினால் மிஞ்சுவது எவ்வளவு? 1000-ஐ 0.78-ஆல் பெருக்கி 0.86-ஆல் வகுத்தால் 907 கிலோ. போன 93 கிலோவும் தண்ணீர். 22-இலிருந்து 14-ஐக் கழித்து 80 கிலோ என்று எழுதுவது பலரும் விடும் பிழை. எரிபொருள் செலவையும் எடைக் குறைவையும் இந்த 93-ஐ வைத்தே கணக்கிட வேண்டும்.

இயந்திரத்தின் விலையைக் கிலோவுக்குப் பிரிக்கும்போது இன்னும் கவனம் தேவை. 60 இலட்சம் ரூபா இயந்திரம் 10 வருடம் உழைக்குமென்றால், வட்டியை விட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 6 இலட்சம். விற்பவர் நாளுக்கு 10 தொன், வருடத்துக்கு 300 நாள் என்று கணக்குக் காட்டினால் கிலோவுக்கு 20 சதம் வரும். இரு போக அறுவடையும் சேர்த்து நீங்கள் 60 நாள்தான் ஓட்டுவீர்கள் என்றால் அது 1 ரூபா, ஐந்து மடங்கு. வங்கிக் கடனென்றால் வட்டியையும் இதனோடு சேருங்கள். எத்தனை நாள் ஓடும் என்பதற்கு உங்கள் கொள்வனவுப் பதிவேட்டைப் பாருங்கள். விற்பனைப் பத்திரிகையை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, பழுதானால் எத்தனை நாள் நிற்கும். தாங்கியோ (பெயாரிங்) சென்சரோ போனால் உதிரிப்பாகம் மட்டக்களப்பு நகரில் கிடைக்குமா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா, திருத்துபவர் எங்கிருந்து வருவார்? இதே மாதிரியை ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு ஆலைகளில் கேட்டால் நாள் கணக்கில் பதில் கிடைக்கும்.

இப்படி எடுத்த அளவுகள் இவை என்று வைப்போம்:

சீமெந்துத் தளம்: முழு அரிசி 48 வீதம், கிலோவுக்கு 2 ரூபா, பழுது 0 நாள்.
தட்டை டிரையர்: 52 வீதம், 4 ரூபா, 2 நாள்.
கோபுர டிரையர்: 56 வீதம், 7 ரூபா, 10 நாள்.

கேள்வியை எப்படிக் கேட்பது

இப்போது எல்லை தெரியும். கேள்வி இப்படி மாறும்: "முழு அரிசி 48-இலிருந்து 56-க்கு ஏறுவது பெரிதா, செலவு 7 ரூபாவிலிருந்து 2 ரூபாவுக்கு இறங்குவது பெரிதா? எத்தனை மடங்கு?" சாட்டியின் அளவுகோலில் 1 சமம், 3 ஓரளவு கூட, 5 நன்றாகக் கூட, 7 மிகமிகக் கூட, 9 உச்சம். இடையில் 2, 4, 6, 8.

ஒன்பது நிலை அளவுகோல் பழகாதவரிடம் 10 புளியங்கொட்டையைக் கொடுத்து இரண்டு பக்கமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 8-க்கு 2 என்றால் 4 மடங்கு, 6-க்கு 4 என்றால் 1.5 மடங்கு, 5-க்கு 5 என்றால் சமம். வினாக்கொத்து நிரப்புவதைவிட இது விரைவானது, பதில்களும் தெளிவாக வரும். சோடிகளின் ஒழுங்கை ஆளுக்காள் மாற்றுங்கள். முதலில் கேட்ட பொருளுக்கு ஆட்கள் சாய்வார்கள்.

முழு அரிசி, செலவு, பழுது போன்று ஒப்பிடும் விடயங்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டாம். 3 என்றால் 3 சோடி, 5 என்றால் 10, 7 என்றால் 21, 9 என்றால் 36. முப்பத்தாறு சோடியைப் பொறுமையாக ஒப்பிடும் ஆலைக்காரர் கிடைக்கமாட்டார். ஐந்துக்கு மேல் வேண்டாம் என்பதே எங்கள் துணிபு.

கணக்கு

முழு அரிசி செலவைவிட 2 மடங்கு, பழுதைவிட 4 மடங்கு. செலவு பழுதைவிட 3 மடங்கு என்று ஒருவர் சொன்னார் என்று கொள்வோம். அட்டவணையின் வரிகள் (எண்கள் முறையே முழு அரிசி, செலவு, பழுது ஆகியவற்றோடு ஒப்பிட்டவை):

முழு அரிசி: 1, 2, 4
செலவு: 1/2, 1, 3
பழுது: 1/4, 1/3, 1

ஒவ்வொரு வரியையும் பெருக்கி அதன் கனமூலத்தை எடுங்கள்: 2.000, 1.145, 0.437. கூட்டுத்தொகை 3.582. அதனால் வகுத்தால் நிறைகள், அதாவது ஒவ்வொன்றின் முக்கியத்துவப் பங்கு, 0.558, 0.320, 0.122. எக்செல்லில் பெருக்கற் சராசரிக்கான ஜியோமீன் சூத்திரம் முதற்படியைச் செய்துவிடும்.

அடுத்து, சொன்னவர் தன் சொல்லோடு முரண்படுகிறாரா என்று பார்க்க வேண்டும். முழு அரிசி செலவைப்போல் 2, செலவு பழுதைப்போல் 3 என்றால் முழு அரிசி பழுதைப்போல் 6 ஆக வேண்டும். அவர் 4 என்றார். ஒவ்வொரு வரியையும் நிறைகளால் பெருக்கிக் கூட்டி, அந்த வரியின் நிறையால் வகுத்தால் சராசரி 3.018 வரும். அதில் 3-ஐக் கழித்து 2-ஆல் வகுத்தால் 0.009. ஒப்பிடும் விடயம் மூன்றானால் சாட்டி தந்த எழுமாற்றுச் சுட்டி (கண்டபடி பதில் சொன்னால் சராசரியாக வரும் முரண்) 0.58 (நான்குக்கு 0.90, ஐந்துக்கு 1.12). 0.009-ஐ 0.58-ஆல் வகுத்தால் 0.016, இதுவே முரண் விகிதம். இது 0.10-க்குக் கீழே இருந்தால் ஏற்கலாம்.

அவரே பழுதுதான் முழு அரிசியைவிட 2 மடங்கு என்று சொல்லியிருந்தால் இந்த விகிதம் 0.63-க்குப் போகும். அப்படி வந்தால் அவருடைய தாளை ஒதுக்கிவிடக் கூடாது. முரண்பட்ட சோடியைக் காட்டித் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் கேள்வியைத் தலைகீழாக விளங்கியிருப்பார். பதிலை நீங்களே திருத்தி எழுதுவது ஆய்வில் பாரிய குற்றம், ஆலையில் பண நட்டம்.

பலரிடம் கேட்டால் பதில்களைச் சாதாரண சராசரியாக எடுக்க வேண்டாம். ஒருவர் 4 என்றும் மற்றவர் அதற்கு நேரெதிராக 1/4 என்றும் சொன்னால் உண்மையில் இருவரும் சேர்ந்து சமம் என்கிறார்கள். கூட்டி இரண்டால் வகுத்தால் 2.125 வரும், பிழை. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1 வரும், சரி. முதலாளியிடம் மட்டும் கேட்டு நிறுத்தவும் வேண்டாம். அடுப்பைப் பார்ப்பவர், தளத்தில் நெல் கிளறும் பெண்கள், நெல் கொண்டுவரும் விவசாயி ஆகியோருக்குத் தெரிந்தது முதலாளிக்குத் தெரியாது. அவர்களைத் தனித்தனியே கேளுங்கள். முதலாளி பக்கத்தில் நின்றால் எல்லாரும் அவர் சொன்னதையே சொல்வார்கள்.

முடிவு எங்கே புரள்கிறது

ஒவ்வோர் அளவிலும் மோசமானதற்கு 0, சிறந்ததற்கு 100 கொடுங்கள். முழு அரிசியில் தளம் 0, தட்டை 50, கோபுரம் 100. செலவில் 100, 60, 0. பழுதில் 100, 80, 0. நிறைகளால் பெருக்கிக் கூட்டினால் தளம் 44.2, தட்டை 56.9, கோபுரம் 55.8.

பலர் இங்கே நிறுத்தி, "தட்டை டிரையரே சிறந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு புள்ளி வித்தியாசத்தில் 60 இலட்சத்தைத் தீர்மானிக்கக் கூடாது. முழு அரிசியின் நிறையை மெல்ல உயர்த்திப் பாருங்கள், மற்ற இரண்டின் விகிதத்தை மாற்றாமல். 0.567-இல் இரண்டும் சமமாகி, அதற்கு மேல் கோபுரம் முன்னால் போகிறது. நமது நிறை 0.558. அளவையும் அப்படியே அசைத்துப் பாருங்கள்: தட்டை டிரையரின் முழு அரிசி 52 இல்லை, 51 தான் என்றால் அதன் புள்ளி 49.9-க்கு விழும்.

இதிலிருந்து அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிறது. இன்னும் இருபது பேரைப் பேட்டி காண்பதில் பயனில்லை. தட்டை டிரையரில் மீண்டும் காயவைத்துக் குத்திப் பார்க்க வேண்டும், இம்முறை கூடுதல் மாதிரிகளுடன், பாதி நேரத்தில் நெல்லைக் கிளறியும் கிளறாமலும். தளமும் எட்டாத தூரத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்: முழு அரிசியின் நிறை நன்றாகக் குறைந்தால் அது முன்னுக்கு வரும். புழுங்கல் ஆலையில் அது நடக்கக்கூடியதே.

ஆய்வேட்டில் எழுதும்போது

தேர்ந்தெடுத்த சிலரின் தீர்ப்பை வைத்து "அம்பாறை மாவட்ட விவசாயிகள் கருதுகின்றனர்" என்று எழுத முடியாது. யாரை, ஏன் தேர்ந்தீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொருவரின் முரண் விகிதத்தையும், எத்தனை பேரிடம் திரும்பக் கேட்டீர்கள் என்பதையும், அளவுகளின் எல்லைகளையும், முடிவு புரளும் புள்ளியையும் அட்டவணையாகக் கொடுங்கள். தெரிவுகளையும் சோடி சோடியாக ஒப்பிடும் வழக்கமான ஏஎச்பியில், புதிதாக ஒரு தெரிவைச் சேர்த்தால் பழையவற்றின் வரிசையே மாறலாம். பெல்டனும் கியரும் 1983-இல் இதைக் காட்டினர். வாய்மொழிப் பரீட்சையில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி. நாம் செய்ததுபோல் 0–100 அளவில் போட்டாலும், 48-க்குக் கீழோ 56-க்கு மேலோ போகும் இயந்திரம் ஒன்று வந்தால் எல்லை மாறும், நிறைகளைத் திரும்பக் கேட்க வேண்டும்.

களவேலையை இரண்டாகப் பிரியுங்கள். அளவுகளை அறுவடைக் காலத்திலேயே எடுக்கலாம், அப்போதுதான் ஈரநெல் கிடைக்கும். பேட்டிகளை அறுவடை ஓய்ந்து, ஆலைக்காரருக்கும் விவசாயிக்கும் உட்கார்ந்து கதைக்க நேரம் கிடைத்த பிறகு வையுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியை இரண்டுக்கும் முன்பே பெற்றுவிட வேண்டும். விண்ணப்பம் தாமதித்து ஒரு போகம் தவறினால், அடுத்த ஈரநெல்லுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாகும்.